நார்பர்ட் லபாடியின் எலும்பில்லாத எலிக்கறி

நார்பர்ட் லபாடி மாதம் தவறாமல் கோவிலுக்குப் போய், சாமியாரிடம் தன் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்பவர். பக்கத்து வீட்டு வாத்துகளைச் சபித்தது, பிரசங்கத்தின்போது கைக்கடிகாரத்தை ஆட்டிப் பார்த்தது, மைத்துனனின் படகு ஓட்டையாக வேண்டும் என்று ஆசைப்பட்டது என்று அவருடைய பாவங்கள் எல்லாம் ஒரே அளவில், ஒரே வரிசையில் வரும். அந்த வரிசையைக் கேட்டுக் கேட்டு மூன்று பங்குச் சாமியார்கள் மாற்றலாகிப் போய்விட்டார்கள். ஆனால் ஒன்பது வருடமாக ஒரு பாவத்தை மட்டும் அவர் யாரிடமும் சொல்லவில்லை.

அது சட்டியில் இருந்தது.

எங்கள் ஊர் அமெரிக்காவின் மிச்சிகனில், ஏரிக்கரைச் சதுப்பை ஒட்டி இருக்கிறது. ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் வெள்ளிக்கிழமைகளில் மாமிசம் கூடாது, மீன் மட்டும் ஆகும் என்பதால் மற்ற ஊர்க்காரர்கள் மீன் சாப்பிட்டுச் சுத்தபோசனம் காப்பார்கள். நாங்கள் சதுப்பெலியும் சாப்பிடுவோம். பூனைக்குட்டி அளவில், வழவழப்பான ரோமமும் தட்டையான வாலுமாகத் தண்ணீரிலேயே பிழைக்கிற பிராணி அது. தண்ணீரில் இருப்பதால் மீனோடு சேர்த்துக்கொள்ளலாம் என்று அந்தக் காலத்தில் எந்தச் சாமியாரோ அனுமதி கொடுத்தாராம். எந்தச் சாமியார், எந்த வருடம் என்றெல்லாம் யாருக்கும் தெரியாது. துருவிக் கேட்டால் அனுமதி போய்விடுமோ என்று யாரும் கேட்டதும் இல்லை.

அந்தச் சதுப்பெலியைக் கோவிலை ஒட்டிய பங்கு மண்டபத்தில் சமைப்பவர் நார்பர்ட். பழுப்புக் குழம்பு, வதக்கிய வெங்காயம், பக்கத்தில் மசித்த உருளைக்கிழங்கு. கறி வாயில் வைத்ததும் கரையும். எல்லாவற்றையும்விட, அதில் எலும்பே இருக்காது. வேறு எந்த மண்டபத்தில் சதுப்பெலி சாப்பிட்டாலும் ஊசி ஊசியாக எலும்பைத் துப்பிக்கொண்டே இருக்க வேண்டும். நார்பர்ட்டின் சதுப்பெலியைப் பல் இல்லாதவர்கள்கூடச் சாப்பிடலாம். அதைச் சாப்பிடுவதற்காகவே அடுத்த மாவட்டத்திலிருந்து கார்கள் வரும்.

முதல் மேசையில் முதல் ஆளாக உட்காருபவர் க்ளோவிஸ் பெசோ. நார்பர்ட்டோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்தவர். ஒரு வாய் போட்டதும் கண்ணை மூடிக்கொள்வார். மண்டபமே காத்திருக்கும்.

"வடக்குக் கால்வாய்," என்பார். "பாலத்துக்கு அந்தப் பக்கம். நாணல் வேர் தின்னு வளந்த பெண் எலி."

எல்லோரும் கை தட்டுவார்கள். நார்பர்ட் கரண்டியைப் பார்த்தபடி நிற்பார்.

அந்த வருடம் எங்களுக்குப் புதுச் சாமியார் வந்தார். ஃபாதர் ட்ரெவின்யோ, முப்பத்து நான்கு வயது. டெக்சஸில் மாட்டுப் பண்ணை வைத்திருக்கிற குடும்பம். எலி என்றதும் முதல் வெள்ளி முகம் வெளிறி, ஞானஸ்நானத்துக்கு வந்த குழந்தை போல வாயை இறுக்கி மூடிக்கொண்டார். மரியாதைக்காக ஒரு துண்டு போட்டுக்கொண்டார். அப்புறம் ஒரு தட்டு, இன்னொரு தட்டு. மூன்றாவது தட்டில் அவர் கண் கலங்கிவிட்டது.

"மன்னிச்சுக்கங்க," என்றார். "வீட்டு ஞாபகம் வந்துடுச்சு. ஞாயித்துக்கிழமை எங்க அம்மா மாட்டுக்கறி வேக வைப்பாங்க. அப்படியே அந்த ருசி!"

மண்டபம் அதிரச் சிரித்தது. "டெக்சஸ்காரருக்குக் குதிரையைக் கொடுத்தாலும் மாடுன்னுதான் சொல்வார்," என்றார் க்ளோவிஸ். நார்பர்ட் மட்டும் சிரிக்கவில்லை. நான் காபி ஊற்றும் மேசையில் நின்றிருந்தேன். அவர் கையிலிருந்த கரண்டி குழம்புக்குள் முழுகிப் போனதை என் கண்ணால் பார்த்தேன்.

மறுநாள் சனிக்கிழமை. நார்பர்ட் பாவசங்கீர்த்தனத் தொட்டி என்கிற மரக் கூண்டுக்குள் போய் முழங்காலிட்டார். உள்ளே என்ன நடந்தது என்று ஃபாதர் இன்றுவரை வாய் திறந்ததில்லை, சபைச் சட்டப்படி திறக்கவும் கூடாது. நார்பர்ட்தான் பிற்பாடு ஊர் முழுக்கச் சொன்னார். எனக்கே ஆறு தடவை சொல்லியிருக்கிறார்.

வாத்து, கடிகாரம், படகு எல்லாம் வரிசையாக வந்தன.

"வேற ஏதாவது?" என்றார் ஃபாதர்.

"ஃபாதர், சதுப்பெலிக்கு எலும்பு உண்டு."

"சரி..."

"என் சதுப்பெலிக்கு இல்ல."

"கேள்விப்பட்டேன். ரொம்பத் திறமைன்னு எல்லாரும் சொல்றாங்க."

"திறமை இல்ல ஃபாதர். அது மாடு."

வலைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் நாற்காலி கிறீச்சிட்டது.

ஒன்பது வருடம் முன்பு நடந்தது அது. அந்தக் குளிர்காலத்தில் சதுப்பில் நடக்கிற அளவுக்குப் பனிக்கட்டி உறையவில்லை. நார்பர்ட்டுக்கு முழங்கால் அறுவை சிகிச்சை வேறு. கண்ணி வைக்கப் போக முடியவில்லை. கோவில் வாசலிலோ 'வெள்ளி மாலை சதுப்பெலி விருந்து' என்று பலகை வைத்தாயிற்று. வியாழக்கிழமை மதியம் மனசு உடைந்து கறிக்கடைக்குப் போனார். மாட்டின் தோள்கறியை வாங்கி, அதே வெங்காயம், அதே குழம்பில் ராத்திரி முழுக்க வேகவிட்டார். விருந்தில் யாராவது ஒரே ஒரு ஆள் சந்தேகப்பட்டாலும் உண்மையைச் சொல்லிவிடுவது என்றுதான் இருந்தார். க்ளோவிஸ் ஒரு வாய் போட்டுவிட்டுக் கண்ணை மூடினார். "வடக்குக் கால்வாய்," என்றார்.

"அதுக்கு மேல நான் எப்படி ஃபாதர் சொல்றது?" என்றார் நார்பர்ட். "அடுத்த வருஷம் நிறுத்திடலாம்னு நினைச்சேன். பக்கத்து ஊர்லேருந்து பஸ் வந்துடுச்சு."

"தவக்காலத்துல... வெள்ளிக்கிழமையில... ஒரு பங்கு முழுசுக்கும் மாட்டுக்கறி," என்றார் ஃபாதர் மெதுவாக. "நேத்து நான் மூணு தட்டு சாப்பிட்டேன்."

"தெரியும் ஃபாதர். நான்தானே போட்டேன்."

"தெரியாம சாப்பிட்டவங்களுக்குப் பாவம் இல்ல," என்றார் ஃபாதர். அதைக் கொஞ்சம் சத்தமாகவே சொன்னாராம், தனக்கும் சேர்த்து. "நீங்க தெரிஞ்சு செஞ்சீங்க. செஞ்சதுக்கு வருந்தற மனஸ்தாபம் இருக்கா?"

"ஒன்பது வருஷமா வெள்ளிக்கிழமை ராத்திரி தூங்கினதில்ல ஃபாதர்."

"மனஸ்தாபப்பட்டா மட்டும் போதாது, நார்பர்ட். சட்டியில இருக்கறதும் மாறணும். வர்ற வெள்ளிக்கிழமை பலகையில என்ன எழுதியிருக்கோ அதுதான் தட்டுல இருக்கணும்."

நார்பர்ட் யோசித்தார். "பலகையை மாத்திட்டா?"

"நார்பர்ட்."

"சும்மா கேட்டேன் ஃபாதர்."

வீட்டுக்கு வந்ததும் மனைவி ஓடீலிடம் சொல்லிவிடுவது என்று தீர்மானித்தார். அவர் கட்டிய பொய்களிலேயே பெரியது அவளிடம் சொன்னதுதான் என்பது அவர் எண்ணம். ஓடீல் சமையலறையில் குறுக்கெழுத்துப் புதிர் போட்டுக்கொண்டிருந்தாள். அவர் தொப்பியைக் கழற்றிவிட்டு எதிரில் நின்றார்.

"ஓடீல், உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். அந்தச் சதுப்பெலி..."

"மாடு," என்றாள் ஓடீல் தலையைத் தூக்காமல்.

நார்பர்ட் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "உனக்கு எப்படி..."

"நாப்பத்தாறு வருஷமா உன்கூடக் குடும்பம் நடத்தறேன். எலிக்கும் மாட்டுக்கும் வித்தியாசம் தெரியாமலா? நான் மண்டபத்துல என்னிக்காவது உன் கறியைச் சாப்பிட்டுப் பாத்திருக்கியா?"

பார்த்ததில்லை. ஒவ்வொரு வருடமும் அவளுக்கு வயிறு சரியில்லை. ஒவ்வொரு வெள்ளியும் பொரித்த மீன்தான்.

"அப்போ ஏன் சொல்லல?"

"நீயா சொல்லுவேன்னு பாத்தேன்," என்றாள் ஓடீல். பேனாவைக் கீழே வைத்தாள். "உனக்காக ஒன்பது வருஷமா ஜெபமாலை சொல்லி முழங்கால் தேஞ்சுபோச்சு. உனக்கு மட்டும்தான் முழங்கால் இருக்குன்னு நினைச்சியா?"

நார்பர்ட் அழுதார். ஓடீல் அவருக்குக் காபி போட்டுக் கொடுத்துவிட்டு, 'மனந்திரும்புதல், ஒன்பது எழுத்து' என்ற குறிப்புக்கு எழுதியிருந்த விடையை அடித்துவிட்டு வேறு ஏதோ எழுதினாள்.

செவ்வாய்க்கிழமை இரண்டு பேரும் ஆற்று முகத்துவாரத்தில் இருக்கிற ஒரு வேட்டைக்காரரிடம் போனார்கள். அவருடைய குளிர்பெட்டியிலிருந்து தோலுரித்த அசல் சதுப்பெலி அறுபது வாங்கி வந்தார்கள். சதுப்பெலிக்குத் தொடையிலும் அக்குளிலும் சின்னச் சின்ன முடிச்சுகள் உண்டு. கஸ்தூரி முடிச்சு என்போம். அதை ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுக்க வேண்டும். ஒன்று தப்பினாலும் சட்டி முழுக்க நாறிப்போகும். ஒன்பது வருடம் தொடாத கை. கண்ணாடியைக் கழற்றினால் கை தெரியவில்லை, போட்டால் எலி தெரியவில்லை.

"எல்லாம் எடுத்துட்டியா?" என்று ஓடீல் கேட்டாள்.

"எடுத்துட்டேன்," என்றார் நார்பர்ட். அது பொய் இல்லை. அப்படித்தான் அவர் நம்பினார்.

வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்கு மண்டபக் கதவைத் திறந்தபோதே முதல் வரிசையில் நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யாருடைய காலணி நாற்றமோ என்று நினைத்திருக்க வேண்டும். நான் காபியின் மூடியைத் திறந்து வைத்தேன். காபி தோற்றுப்போனது. ஈர நாயைப் பழைய அத்தர் குப்பிக்குள் அடைத்து வெயிலில் வைத்த மாதிரி ஒரு வாடை. உருளைக்கிழங்கு மசிக்கும் வெர்னா காசெரோ, குளிர் என்றும் பாராமல் ஜன்னல்கள் எல்லாவற்றையும் திறந்துவிட்டாள்.

நார்பர்ட் வியர்க்க வியர்க்கப் பரிமாறினார். ஃபாதர் ட்ரெவின்யோ ஜெபம் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அவருடைய கஷ்டம் என்னவென்று அன்றைக்கு எங்கள் யாருக்கும் தெரியாது. நார்பர்ட்டையும் ஓடீலையும் தவிர, நடந்தது என்ன என்று தெரிந்த ஒரே ஆள் அவர். ஆனால் தொட்டிக்குள் கேட்டதை முகச் சுளிப்பில்கூடக் காட்டக் கூடாது. போன வாரம் மூன்று தட்டு சாப்பிட்டவர் இந்த வாரம் வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பார்கள். ஒரு துண்டை வாயில் போட்டார். கண் பெரிதாகியது. மென்றார். எலும்பைத் துப்பினார். "நல்லாயிருக்கு," என்றார், உயிரைக் கொடுக்கப் போகிற வேதசாட்சியின் குரலில்.

க்ளோவிஸ் கண்ணை மூடி ஒரு வாய் போட்டார். மண்டபம் காத்திருந்தது. கண் மூடியபடியே இருந்தது. பிறகு டக் என்று ஒரு சத்தம். க்ளோவிஸ் கைக்குட்டையை வாயில் வைத்து, பொய்ப் பல்லின் பாதியை எடுத்தார்.

"இது," என்று பாதிப் பல்லோடு எழுந்து நின்றார், "சதுப்பெலியே இல்ல!"

"க்ளோவிஸ், உக்காரு," என்றார் நார்பர்ட்.

"உக்கார மாட்டேன்! அறுபது வருஷமா எலி சாப்பிடற நாக்குடா இது. எலும்பு, நாத்தம், ரப்பர் மாதிரி சதை. எந்தச் சாக்கடையில எதைப் புடிச்சுட்டு வந்து போட்டே? தவக்காலத்து வெள்ளிக்கிழமை, கோவில் மண்டபத்துல, எங்களுக்குக் கண்ட மாமிசத்தையும் போட்டு ஏமாத்தறியே, உனக்கு மனசாட்சி இல்ல?"

"ஆமா, என்ன கறி இது?" என்று பின்னாலிருந்து ஒருவர். "சொல்லு நார்பர்ட்!" என்று இன்னொருவர். "என் பிள்ளைங்க சாப்பிட்டுட்டாங்களே," என்று ஒரு அம்மா. ஒரே கூச்சல்.

ஃபாதர் எழுந்தார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். என்ன சொன்னாலும் தொட்டிக்குள் போய் முட்டும் என்று தெரிந்து, மறுபடியும் உட்கார்ந்து, இன்னொரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். அன்றைக்கு அவர் சாப்பிட்டது எட்டுத் துண்டு. பேசாமல் இருப்பதற்கு அவருக்கு வேறு வழி இல்லை.

நார்பர்ட்டுக்கு அது பொறுக்கவில்லை என்று நினைக்கிறேன். ஒரு பாவமும் செய்யாத மனுஷன் தனக்காக எலி தின்றுகொண்டிருக்கிறார். நாற்காலியை இழுத்துப் போட்டு, வலிக்கிற முழங்காலோடு அதன்மேல் ஏறினார். ஓடீல் ஓடிவந்து அவருடைய இடுப்பு வாரைப் பிடித்துக்கொண்டாள்.

"எல்லாரும் கேளுங்க," என்றார். "இது அசல் சதுப்பெலி. இன்னிக்குத்தான் அசல். இதுக்கு முன்னாடி ஒன்பது தவக்காலமும், போன வெள்ளிக்கிழமையும் நான் போட்டது மாட்டுக்கறி. உங்களை ஏமாத்தினேன். வெள்ளிக்கிழமையில மாமிசம் சாப்பிட வெச்சேன். என்னை மன்னிச்சிடுங்க."

க்ளோவிஸ் பாதிப் பல்லை மேசைமேல் வைத்தார்.

"பொய்," என்றார் க்ளோவிஸ்.

"என்னது?"

"பொய் சொல்றே. இந்த நாத்தத்தை மறைக்கப் புதுசா ஒரு கதை கட்டறே. ஒன்பது வருஷம் நான் சாப்பிட்டது எலி. வடக்குக் கால்வாய் எலி!"

"மாடு, க்ளோவிஸ்."

"எலி!"

"நான் சமைச்சேண்டா!"

"நான் சாப்பிட்டேண்டா!"

மண்டபம் இரண்டாகப் பிரிந்தது. பாதிப் பேர் க்ளோவிஸ் பக்கம். ஒரு மனுஷன் நாற்காலி மேல் நின்று தன் பாவத்தை அறிக்கையிடுகிறார், ஊரில் பாதிப் பேர் நீ அந்தப் பாவத்தைச் செய்யவே இல்லை என்று அடித்துச் சொல்கிறார்கள். இப்படி ஒரு தவக்காலத்தை நான் பார்த்ததில்லை. நார்பர்ட்டின் முகம் பரிதாபமாக இருந்தது. திட்டுவார்கள், துப்புவார்கள் என்றெல்லாம் எதிர்பார்த்து வந்தவர். நம்ப மாட்டார்கள் என்று எதிர்பார்க்கவில்லை.

அப்போது ஓடீல் அவருடைய இடுப்பு வாரைப் பிடித்தபடியே சொன்னாள்: "க்ளோவிஸ், சின்ன வயசுல உங்க அம்மா எலிக்கறி செஞ்சா நீ என்ன பண்ணுவே? உன் தங்கச்சி எனக்குச் சொல்லியிருக்கா."

க்ளோவிஸின் காது சிவந்தது. சுற்றிலும் பார்த்தார். மெதுவாக உட்கார்ந்தார்.

"நாய்க்குப் போடுவேன்," என்றார். "மேசைக்கு அடியில. எனக்கு எலி புடிக்காது. என்னிக்குமே புடிச்சதில்ல. நார்பர்ட் ஒருத்தன் செஞ்சதுதான் தொண்டையில இறங்கிச்சு. ஆகா, நான் ஆம்பிளை ஆயிட்டேன், நானும் இந்த ஊர்க்காரன் ஆயிட்டேன்னு சந்தோஷப்பட்டேன்." மூக்கை உறிஞ்சினார். "அதையும் மாடுன்னு சொல்லிட்டான்."

நார்பர்ட் நாற்காலியிலிருந்து இறங்கிப்போய் அவருடைய தோளில் கை வைத்தார். "மன்னிச்சுக்கடா."

"கால்வாய்க் கதையும் நான் சும்மா விட்டதுதான்," என்றார் க்ளோவிஸ்.

"அது எல்லாருக்கும் தெரியும்," என்றாள் வெர்னா. ஒருவர் சிரித்தார். அப்புறம் மண்டபமே சிரித்தது. அந்தச் சிரிப்பின் ஓரத்தில், உருளைக்கிழங்கு பல வருடமாகப் பாக்கெட் பொடிதான் என்பதை வெர்னா வேகமாகச் சொல்லி முடித்துவிட்டாள். யாரும் கோபப்படுகிற நிலையில் இல்லை. தெரியாமல் சாப்பிட்டவர்களுக்குப் பாவம் இல்லை என்று ஃபாதர் எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னார். அப்படிப்பட்ட கேள்வி பொதுவில் எழுந்த பிறகுதான் சொன்னார். அந்த விஷயத்தில் அவர் வெகு ஜாக்கிரதை.

மீதி இருந்த சதுப்பெலியை என்ன செய்வது என்று அப்புறம்தான் கேள்வி வந்தது. மண்டபக் குளிர்பெட்டியில் இன்னும் நாலு வெள்ளிக்கிழமைக்கு இருந்தது. எறிவது பாவம், தின்பது தண்டனை. ஓடீல்தான் யோசனை சொன்னாள். அடுத்த வெள்ளியிலிருந்து மண்டபத்தில் இரண்டு வரிசை. ஒன்று பொரித்த மீன், இன்னொன்று சதுப்பெலி. பரிகாரம் செய்ய விரும்புகிறவர்கள் சதுப்பெலி வரிசையில் நிற்கலாம், யாரையும் கட்டாயப்படுத்துவதில்லை.

இதில் இருக்கிற ஆபத்தை யாரும் முதலில் கவனிக்கவில்லை. எந்த வரிசையில் நிற்கிறாய் என்பதே ஒரு பாவசங்கீர்த்தனம் ஆகிவிட்டது. சதுப்பெலி வரிசையில் முதல் ஆளாக க்ளோவிஸ், இரண்டாவது வெர்னா. சரி, அது எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. ஆனால் பல் வைத்தியர் ஏன் அங்கே நிற்கிறார்? பாடகர் குழுவின் தலைவி ஏன் இரண்டு தட்டு வாங்கினாள்? ஒரு கணவன் மீன் வரிசையில் நின்றான். அவன் மனைவி அவனையே உற்றுப் பார்த்தாள். கொஞ்ச நேரம் கழித்து அவன் தட்டைத் தூக்கிக்கொண்டு மெதுவாக இந்தப் பக்கம் வந்துவிட்டான். ஊரில் அந்த வாரம் முழுக்க வேறு பேச்சே இல்லை. புறம் பேசின பாவத்துக்காக அதற்கடுத்த வெள்ளி சதுப்பெலி வரிசை கதவு வரைக்கும் நீண்டது. நானும் அதில் நின்றேன். எதற்கு என்று கேட்காதீர்கள்.

நார்பர்ட் பரிமாறினார். யாரையும் ஒரு கேள்வி கேட்கவில்லை. குழம்பு மட்டும் கொஞ்சம் தாராளமாக ஊற்றினார். ஒன்பது வருடத்தில் முதல் முறையாக வெள்ளிக்கிழமை ராத்திரி குறட்டை விட்டுத் தூங்குகிறார் என்று ஓடீல் புகார் சொன்னாள்.

பெரிய வெள்ளிக்கு முந்தின வாரம், நெடுஞ்சாலையில் போய்க்கொண்டிருந்த வெளியூர்த் தம்பதி ஒன்று பலகையைப் பார்த்துவிட்டு உள்ளே வந்தது. அறுபது வயது இருக்கும் இருவருக்கும். இரண்டு வரிசையையும் பார்த்துவிட்டு அந்த ஆள் நார்பர்ட்டிடம் வந்தார்.

"எங்களுக்கு இந்த ஊர் புதுசு. இதுல எதை வாங்கறது?"

நார்பர்ட் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவரை அனுதாபத்தோடு பார்த்தார்.

"நீங்க என்ன பண்ணினீங்க?" என்றார்.

அந்த ஆள் விழித்தார். பக்கத்தில் நின்ற மனைவி கணவனை மேலும் கீழும் ஒரு முறை பார்த்தாள்.

"எனக்கு மீன்," என்றாள். "அவருக்கு அது. கொஞ்சம் நிறையவே போடுங்க."